மூன்றாவது தட்டு

தட்டுச் சத்தம் கேட்டது. மூன்று முறை. யாங்ஸ்கித் கையிலிருந்த பனிக்கோடரியைத் திருப்பிப் பிடித்து, அதன் சுத்தியல் முனையால் பனிச்சுவரில் மூன்று முறை பதிலுக்குத் தட்டினாள். தட்டிவிட்டு, வாயிலிருந்த காய்ந்த ஆப்ரிகாட்டை மென்றபடி பிளாஸ்க்கிலிருந்து உப்பு டீயை மூடியில் ஊற்றினாள். மூடி பாதி நிறையும்போதுதான் அவளுக்கு உறைத்தது. யாருக்குத் தட்டினோம்?

மேதா பக்கத்திலேயே, பனியில் திருகிய இரண்டு ஸ்க்ரூக்களில் தன்னைக் கட்டிக்கொண்டு நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டீ போட வந்த மோருப் கீழே, உறைந்த அருவி ஆற்றில் இறங்கும் இடத்தில், மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைப்பதற்காகக் குனிந்திருந்தான். அந்தக் கோடரிச் சத்தம் கீழிருந்து வரவில்லை. மேலிருந்து வந்தது. மேலே யாரும் இல்லை.

லடாக்கின் நுப்ராவில் பனி ஏறுகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். காற்று எழுந்துவிட்டால் வாய் கிழியக் கத்தினாலும் ஒரு கயிறு தூரத்துக்குக் கேட்காது. அதனால் மேலே போனவர், ஸ்க்ரூ திருகித் தன்னைக் கட்டிக்கொண்டதும் மூன்று தட்டுத் தட்டுவார். நான் பத்திரமாக இருக்கிறேன், என் கயிற்றை விடு, உன்னை அவிழ்த்துக்கொண்டு ஏறி வா என்று அர்த்தம். கீழே இருப்பவர் மூன்று தட்டிப் பதில் சொல்லிவிட்டுக் கிளம்புவார். பதில் சொல்லாமல் விடுவது, வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே நிற்க வைப்பதைவிட மோசம். யாங்ஸ்கித்தின் கை அதை அவளைக் கேட்காமலே செய்யும். இன்றும் செய்துவிட்டது.

"மேல யாருங்க?" என்றாள் மேதா. புனேயில் பல் டாக்டர். மூன்று குளிர்காலமாக யாங்ஸ்கித்தின் கயிற்றில் மட்டும்தான் ஏறுவாள்.

"யாருமில்ல. ஐஸ் விரியுது. மத்தியானமானா சடசடக்கும்."

"சடசடன்னு இல்லயே. டொக், டொக்... கொஞ்சம் கழிச்சு இன்னொரு டொக். ஆளு தட்டுன மாதிரியே இருந்துச்சு."

அந்தக் 'கொஞ்சம் கழிச்சு' என்றதும், மூடியை வாயருகே கொண்டுபோன யாங்ஸ்கித் அப்படியே நிறுத்தினாள். அவள் அண்ணன் துன்டுப்புக்கு வலது தோள் ஒருமுறை கழன்று சேர்ந்தது. அதற்குப் பிறகு அவன் தட்டினால் முதல் இரண்டும் சுருக்கென்று விழும், மூன்றாவது தாமதமாகத்தான் வரும். "உன் மூணாவது தட்டு பஸ்ஸ விட்டுட்டு நடந்து வருது போல" என்று அவள் கேலி செய்வாள். போன ஜனவரியில் அவன் இதே அருவியின் பனி எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தனியாக வந்தான். மறுநாள் இவள் வந்து பார்த்தபோது கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றின் நுனியில் முடிச்சு அவிழாமல் இருந்தது. முடிச்சில் அவன் இடுப்புப்பட்டை, கொக்கி போட்டது போட்டபடி, உள்ளே ஆளில்லாமல் தொங்கியது. பனியில் ஒரு காலடிகூட இல்லை. ஆறு உருகும்வரை ஊரே தேடியது.

அதன்பிறகு ஊர்க்கூட்டம் போட்டு, மூன்று குளிர்காலத்துக்கு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்றார்கள். லே நகர வழிகாட்டிகளும் தலையாட்டினார்கள். யாங்ஸ்கித் மட்டும் எழுந்து நின்றாள். "எங்கண்ணன எடுத்துக்கிச்சு. போதாதா? அருவியையும் நீங்களே அதுக்கு விட்டுக் குடுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தாள். அதோடு அவளோடு ஏற வந்தவர்கள் எல்லோரும் நழுவிவிட்டார்கள். மேதா மட்டும், நீங்க எங்க கூட்டிட்டுப் போனாலும் வருவேன் என்று எழுதியிருந்தாள். அந்த ஒருத்தியை முழுசாகக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இன்றைய வேலை. அதற்கு முன்னால் வேறு எதுவும் ஒரு வேலையே இல்லை.

இறங்கிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகவே அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு சத்தத்துக்குப் பயந்து வாலைச் சுருட்டிக்கொண்டு போவதா? மூடியிலிருந்த டீயை ஒரே மூச்சில் குடித்தாள்.

"கயிற புடிச்சுக்க. மேல போறேன். தட்டுனதும் வா."

தட்டு கேட்டாலும் நம்பாதே என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அப்படிச் சொன்னால் பயந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சொல்லவில்லை.

நிழல் அருவியை முழுவதும் மூடியிருந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் ஜனவரி வெயில் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வலது பக்கம் பனி கெட்டியாக, பழைய பாட்டில் கண்ணாடிபோலப் பச்சையாக இருந்தது. இடது பக்கம் வெறும் பனித்திரை. பாறையை ஒட்டாமல் முன்னால் தொங்கியது. அதற்குப் பின்னால் ஆள் நிற்கும் அளவு இருட்டும், எங்கேயோ கசியும் தண்ணீரின் முணுமுணுப்பும் இருந்தன. அவள் வலது பக்கமாகவே ஏறினாள். கோடரி ஒன்று, கோடரி இரண்டு, பூட்ஸ் முள் இரண்டும் உதை. பனித்தூள் கழுத்துக்குள் விழுந்து உருகியது. கோடரி விழும் ஒவ்வொரு முறையும் திரைக்குப் பின்னாலிருந்தும் ஒரு தட்டு விழுந்தது. எதிரொலி என்று வைத்துக்கொண்டாள். ஓர் இடத்தில் வேண்டுமென்றே நிறுத்தினாள். எதிரொலி இன்னும் ஒன்று தட்டிவிட்டுத்தான் நின்றது.

"சரி. யாரா இருந்தாலும் தைரியமிருந்தா மூஞ்சிய காட்டு" என்றாள் பனியைப் பார்த்து. குரல் நடுங்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு திருப்தி.

ஸ்க்ரூ ஒன்றைத் திருகினாள். அது உள்ளே குழலாக இருக்கும், திருகத் திருகப் பனி குச்சியாகப் பின்வழியே வந்து விழும். இந்த முறை குச்சி விழுந்து முடிந்ததும் குழல் வழியே காற்று வந்தது. வெதுவெதுப்பான காற்று. ஈரக் கம்பளியை அடுப்புக்குப் பக்கத்தில் காயப்போட்டால் வருமே, அந்த நாற்றம். அவள் முகத்தில் பட்டது, நின்றது, மறுபடி பட்டது. மூச்சு விடுவதுபோல.

குழலை உள்ளங்கையால் அடைத்தாள். "நீ எங்கண்ணன் இல்ல" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "அவன் வாயில பூண்டுதான் நாறும்."

அப்போது தட்டியது. அவளுக்குப் பக்கத்தில் இல்லை. இடது பக்கம், கீழே, மேதா நிற்கும் இடத்துக்கு நேர் மேலே. டொக், டொக்.

டொக்.

காற்றுக்கு நடுவே, தெளிவாக, கீழேயிருந்து மேதா பதில் தட்டினாள். நல்ல பிள்ளையாக, சொல்லிக் கொடுத்தபடியே, மூன்று தட்டு.

"மேதா! நான் தட்டல! அவுக்காத!"

காற்று அந்த வார்த்தைகளை அவள் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. இடுப்பில் இருந்த கயிறு தளர்ந்தது. இனி அவள் விழுந்தால் பிடிக்க ஆளில்லை. அதைவிட, மேதா இந்நேரம் தன் இரண்டு ஸ்க்ரூவையும் கழற்றியிருப்பாள். அவளைப் பிடிக்கவும் ஆளில்லை. தப்பு என்னுடையது என்று யாங்ஸ்கித் நினைத்தாள். நான் சொல்லியிருக்க வேண்டும். அழுவதற்கு நேரமில்லை. இன்னொரு ஸ்க்ரூவைத் திருகி, இரண்டிலும் தன்னைக் கட்டி, தளர்ந்த கயிற்றை வாரி வாரி இழுத்தாள். இழுக்க இழுக்க வந்தது. பிறகு இறுகியது. மறுமுனையில் மேதாவின் எடை தெரிந்தது. நல்லவேளை.

ஆனால் கயிறு நேராக வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இடதுபக்கம் சாய்ந்தது. திரையை நோக்கி.

யாங்ஸ்கித் கோடரியை எடுத்துப் பனியை அடிக்க ஆரம்பித்தாள். மூன்று தட்டு இல்லை. கணக்கே இல்லாமல், கல்யாண வீட்டு மேளம்போல, நிற்காமல் அடித்தாள். அடித்துக்கொண்டே திட்டினாள். லடாக்கியில் தெரிந்த கெட்ட வார்த்தை தீர்ந்து, லாரிக்காரர்களிடம் கற்ற இந்தி வார்த்தையும் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். "இங்க வாடி! சத்தம் இங்க! என் வாயி இங்க இருக்கு!" இடதுபக்கத் தட்டு வேகமெடுத்தது. அவளும் எடுத்தாள். கயிற்றை அந்தப் பக்கமிருந்து எதுவோ இழுத்தது. நிதானமாக, ஆனால் விடாமல். அவள் இரண்டு காலையும் சுவரில் ஊன்றி இழுத்தாள். "குடுக்க மாட்டேன்" என்றாள். "ஒண்ணு வாங்கிட்டல்ல. இத குடுக்க மாட்டேன்."

சட்டென்று அந்தப் பக்கத்து இழுப்பு விட்டது.

கடைசியில் நீல ஹெல்மெட் ஒன்று பனி மடிப்பிலிருந்து எட்டிப் பார்த்தது. மேதா தவழ்ந்து வந்தாள். ஒரு கையில் உறை இல்லை. விரல்கள் வெளுத்திருந்தன. யாங்ஸ்கித் அவளை ஸ்க்ரூக்களில் கட்டி, அந்தக் கையைத் தன் ஜாக்கெட்டுக்குள் விட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பல் டாக்டருக்குப் பல் தந்தியடித்தது.

"கிளவுஸ் எங்க?"

"நீங்கதானே கழட்டச் சொன்னீங்க."

"நானா?"

"இடதுபக்கம் வான்னு கைய ஆட்டுனீங்க. அப்புறம் உள்ளங்கைய வச்சுக் காட்டுனீங்க, இங்க கைய வைன்னு." மேதா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. "நீங்க இங்கதான் இருந்தீங்களா? அப்ப ஐஸுக்கு உள்ள நின்னது யாரு?"

யாங்ஸ்கித் அந்தக் கையை அக்குளில் இன்னும் இறுக்கிக்கொண்டாள். உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று இருந்தது. அவள் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். "கீழ போறோம். மோருப் அண்ணன் சூடா டீ வச்சிருப்பான். உப்பு ஜாஸ்தியா போட்டிருப்பான். திட்டாம குடிக்கணும்."

மேதா சிரிக்க முயன்றாள்.

அப்போது கீழே தட்டியது. அருவியின் அடியில். டொக், டொக். டொக்.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். மோருப் அடுப்பிலிருந்து நிமிர்ந்தான். துன்டுப்போடு ஒரே கயிற்றில் பத்து வருஷம் ஏறியவன் அவன். முட்டி உடைந்தபிறகு டீ போடுவதோடு சரி. கையில் கெட்டில் மூடி இருந்தது. அருவியைப் பார்த்துத் தலையைச் சாய்த்தான். பிறகு, அவர்கள் கண்ணெதிரில், கெட்டில் மூடியால் பக்கத்துப் பாறையில் மூன்று முறை தட்டினான்.

"அண்ணே! போகாத! மோருப் அண்ணே!"

மோருப் மூடியைக் கீழே போட்டான். நொண்டி நொண்டித் திரையை நோக்கி நடந்தான். நடந்துகொண்டே கையுறையைக் கழற்றினான்.

யாங்ஸ்கித் கயிற்றை ஸ்க்ரூவில் பூட்டிக் கீழே வீசினாள். இந்த அருவிக்கென்றே துன்டுப் வாங்கிய நீளக் கயிறு. அடிவரை எட்டும்.

"வேணாம்" என்று மேதா அவள் சட்டையைப் பிடித்தாள். "அது உங்களைத்தான் கூப்பிடுது."

"கூப்பிடட்டும். நான் அதுக்காக போகல, அவனுக்காக போறேன்." அவள் மேதாவின் கையை மெதுவாகப் பிரித்து, தன் கையுறையை அதில் மாட்டினாள். "கேட்டுக்க. எத்தன தட்டு கேட்டாலும் அசையாத. பதில் தட்டாத. நான் திரும்பி வந்தா தட்ட மாட்டேன். உன் பேரச் சொல்லித் திட்டிக்கிட்டே வருவேன். திட்டு கேட்டா மட்டும்தான் நான்."

இறங்கினாள். கயிறு கையில் எரிந்தது. ஒரு கையில் கோடரி ஓங்கியே இருந்தது. பக்கத்தில் பனி தெளிந்துகொண்டே வந்தது. பச்சை போய், வெள்ளை போய், கண்ணாடி.

உள்ளே ஒன்று அவளோடு இறங்கியது.

அவள் கால் கீழே. அதன் தலை கீழே. துன்டுப்பின் ஆரஞ்சு ஹெல்மெட். அவள் தன் கையாலேயே அதில் வரைந்த பனிச்சிறுத்தை. கைகள் இரண்டும் விரிந்து பனியில் ஒட்டியிருந்தன, பல்லிபோல. கோடரி இல்லை. கயிறு இல்லை. அவள் ஓர் அடி இறங்கினால் அதுவும் ஓர் அடி.

நின்றாள். நின்றது.

கீழே மோருப் வெறுங்கையைப் பனியில் வைத்துவிட்டான்.

"தள்ளு" என்றாள் யாங்ஸ்கித். கோடரியை ஓங்கினாள். "தள்ளுடா."

அது முகத்தை அவள் பக்கம் திருப்பியது. ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளியது. கழுத்தைப் பின்னுக்கு வளைத்தது. வளைந்துகொண்டே போனது. பிறகு நெற்றியால் தட்டியது.

டொக். டொக்.

அவள் அடித்தாள். பனி விரிசல் விட்டது. அடித்துக்கொண்டே, திட்டிக்கொண்டே, இன்னும் இறங்கினாள்.

நெற்றி மறுபடி பின்னுக்குப் போனது. நிதானமாக. மூன்றாவதற்காக.