இடது காதில் இரண்டு மூச்சு

எதையும் இணைக்காத ஆம்ப் மூச்சு விட்டது.

செவிடன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலிவான ஆம்ப் என்றால் ஏதாவது ஒன்றை விடத்தான் செய்யும். சில இரைச்சல் விடும், சில பக்கத்து வீட்டு செல்போனைப் பிடித்துக் கரகரக்கும், போன வருடம் வந்த ஒன்று நேராகப் புகையே விட்டது. இது, ஹெட்ஃபோனின் சத்தத்தைக் கூட்டித் தர, சீட்டுக்கட்டு அளவில் ஒரு கறுப்பு அலுமினியப் பெட்டி. முன்னால் வால்யூம் குமிழ். பக்கவாட்டில், ஒலியை எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்று சொல்லும் கெயின் சுவிட்ச். கம்மி, நடு, அதிகம் என்று அதற்கு மூன்று நிலை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றலாம். விலை, ஒரு சுமாரான செருப்பின் விலை.

பாட்டு எதுவும் போடாமல், ஹெட்ஃபோனை மட்டும் செருகி, வால்யூமை முழுக்கத் திருப்பி, கண்ணை மூடிக்கொண்டு வெறுமையைக் கேட்பதுதான் அவனுடைய முதல் சோதனை. பாட்டைப் போட்டால் எல்லா ஆம்பும் நல்லவன் வேஷம் போட்டுவிடும். சும்மா உட்கார வைத்தால்தான் அதன் குணம் தெரியும். இந்த விஷயத்தில் ஆம்பும் மாப்பிள்ளையும் ஒன்று என்று அவன் ஒருமுறை எழுதி, மாமனாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான்.

கேட்டது இரைச்சல் இல்லை. இழுத்து, நிறுத்தி, விடுகிற மூச்சு. விடும்போது கடைசியில் மூக்கில் சின்னதாக ஒரு விசில். இடது காதில் மட்டும். அந்த விசிலை அவனுக்கு நன்றாகவே தெரியும். கல்யாணமாகி நாலு வருடமாக அதன் பக்கத்தில்தான் படுக்கிறான்.

கண்ணைத் திறந்து இடது பக்கம் பார்த்தான். படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் நர்ஸ், இரவு டூட்டி. காலை ஒன்பது மணிக்குப் படுத்தால் நாலு மணி வரை அந்த வீட்டில் ஈயும் கால் கழுவிவிட்டுத்தான் நடக்க வேண்டும். காலிங்பெல்லின் வயரைப் பிடுங்கியே இரண்டு வருடம் ஆகிறது. சத்தம் போடாமல் இருக்க ஹெட்ஃபோன் மாட்டியவன், மாட்டி மாட்டியே அதைப் பற்றி எழுதுகிறவன் ஆனான். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று 'செவிடன்' என்ற பெயரை வைத்தவளும் அவள்தான்.

மதியம் இரண்டு மணி. வேலைக்குப் போனவர்கள் திரும்பாத கட்டடம், வெயிலில் காய்ந்த பெயின்ட் வாசனையோடு, குப்புறப் படுத்ததுபோல அசையாமல் கிடந்தது. அவன் நோட்டை எடுத்து எழுதினான்: 'மைக் இல்லாமலே வெளியே உள்ள சத்தத்தைப் பிடிக்கிறது. தயாரிப்புக் கோளாறு. ஆனால் விவரம் அபாரம்.'

கெயினை நடுவுக்குத் தள்ளினான்.

விசிலுக்குப் பக்கத்தில் இன்னொரு மூச்சு இருந்தது.

அது மெதுவாக இல்லை. ஓடிவந்தவன் ஓடியது தெரியாமல் இருக்க வாயைத் திறந்து விடுகிற மூச்சு; ஈரமானது, தடித்தது. அவள் இழுக்கும்போது அதுவும் இழுத்தது. அவள் விடும்போது அது விடவில்லை. காத்திருந்தது.

தொழில் தெரிந்தவன் இந்த நேரத்தில் சாமியைக் கூப்பிட மாட்டான். ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டுவான். ஒரு பக்கம் மட்டும் கோளாறு கேட்டால் இடதை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது வழக்கம். சத்தம் காது மாறினால் குற்றவாளி ஆம்ப். மாறாவிட்டால் காதில் அழுக்கு. செவிடன் திருப்பி மாட்டினான்.

விசில் காணாமல் போனது. தடித்த மூச்சு மட்டும் வலது காதுக்கு வந்திருந்தது, கூடவே சொட்டுச் சொட்டாக ஒரு குழாயையும் கூட்டிக்கொண்டு. வலது பக்கம் குளியலறை. பிறகு 'நறுக்' என்று ஏதோ நொறுங்கியது.

ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தான். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே பிளாஸ்டிக் குவளை, பஸ் ஏறியதுபோல் தட்டையாகக் கிடந்தது. கையில் எடுத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. இவ்வளவு நேரமும் அவன் ஹாலில்தான் இருந்தான்; பூட்டிய கதவைத் தாண்டி யாரும் வரவில்லை.

படுக்கையறைக்குப் போனான். கதவைத் திறக்க அவனுக்கு ஒரு நிமிடம் பிடித்தது. பயத்தில் பாதி குவளையின் பயம், மீதி அவளை எழுப்புகிற பயம், சரியாக எடை போட்டால் இரண்டாவதுதான் கனம். திரை போட்ட இருட்டில் மருந்து வாசனை, டூட்டி சேலை, ஃபேன். அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னத்தில், கட்டைவிரல் அளவுக்கு, ஒரு குழி. யாரோ அழுத்திப் பார்த்துவிட்டு இப்போதுதான் விரலை எடுத்ததுபோல, மாவில் விழுந்த தடம் எழும்புவதுபோல, அது மெல்ல மேலே வந்து கன்னமானது.

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. நீ தூங்கு."

"எழுப்பி விட்டுட்டு தூங்குன்னு சொல்றான் பாரு." குரல் தலையணைக்குள்ளிருந்து வந்தது. "மூணு நைட்டு டா. இன்னொரு தடவ எழுப்பின, உன்னத் தூக்கிட்டுப் போய் வார்டுல போட்டுடுவேன்."

"கன்னத்துல வலிக்குதா?"

"ஆமா, உன்னைக் கட்டின நாள்லேருந்து. போடா."

விசில் மறுபடி ஆரம்பித்தது. தலையணைத் தடம் என்று செவிடன் முடிவு செய்தான். கதவைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஹெட்ஃபோனைச் சரியான பக்கமே மாட்டினான். கெயினில் இன்னும் ஒரு நிலை பாக்கி இருந்தது. முழுசாகச் சோதிக்காமல் எழுதினால் வாசகர்கள் கிழித்துவிடுவார்கள். பதினோராயிரம் பேர், அதில் பாதி திட்டுவதற்கென்றே வருகிறவர்கள்.

அதிகம்.

இப்போது எல்லாமே கேட்டது. தலையணை உறையின் நூல் கேட்டது. தோலின்மேல் ஒரு விரல், நகத்தை உள்ளே மடக்கிக்கொண்டு, காதிலிருந்து தாடை வரை கோடு இழுப்பது கேட்டது. பிறகு விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கெடுக்கும் சத்தம். ஐந்து. பத்து. அத்தோடு நிற்கும் என்று காத்திருந்தான். பதினொன்று. பன்னிரண்டு.

அந்த ஆம்ப் அவனிடம் நேராக வரவில்லை. கம்பெனி ஒரே ஒரு பெட்டியை அனுப்பும். எழுதுகிற ஐந்து பேரும் ஆளுக்கு நாலு நாள் வைத்திருந்துவிட்டு, பட்டியலில் அடுத்திருப்பவனுக்குப் பார்சல் போட வேண்டும். செவிடனுக்கு முன்னால் இருந்தவன் மீட்டர். எதையும் கருவி வைத்து அளக்காமல் விடமாட்டான், அதனால் அந்தப் பெயர். அப்படிப்பட்டவன் இரண்டே நாளில், ஒரு வரிகூட எழுதாமல், இதை அனுப்பியிருந்தான். செவிடன் இடது காதை மூடியபடியே விட்டு, வலது காதை மட்டும் விலக்கி, போனை அதில் வைத்தான்.

"வந்துடுச்சா?" என்றான் மீட்டர். ஹலோ கிடையாது.

"வந்துடுச்சு. என்னடா இது, மூச்சு விடுது?"

"எந்தப் பக்கம்?"

"இடது."

"உன் இடது பக்கம் என்ன இருக்கு?"

"பெட்ரூம். அவ தூங்குறா."



"என் இடது பக்கம் நாயக் கட்டியிருந்தேன்டா."

"அதுக்கு என்ன ஆச்சு?"

"ஒரு எலும்புகூட முழுசா இல்ல. பத்தடி தூரம் மச்சான். வெளிய ஒரு சத்தம் வரல. எல்லாம் ஹெட்ஃபோனுக்குள்ளதான் கேட்டுச்சு. ஆம்ப் சத்தத்தச் சிதைக்குது, டிஸ்டார்ஷன்னு நெனச்சு நான் நோட்டுல எழுதிட்டு வேற இருந்தேன்."

"பாவி! அப்புறம் எதுக்குடா எனக்கு அனுப்புன?"

"லிஸ்ட்ல அடுத்து உன் பேருதானே இருந்துச்சு."

செவிடன் ஆம்பை நோக்கிக் கையை நீட்டினான்.

"ஆஃப் பண்ணிடுறேன்," என்றான்.

"பண்ணாத! அது எங்க நிக்குதுன்னு உனக்குத் தெரியணும்ல? காதுலயே வச்சுக்கோ. அவங்கள எழுப்பி வெளிய கூட்டிட்டுப் போ. உடனே போடா!"

"எழுப்பினா கொன்னுடுவாடா!" என்று கத்தினான் செவிடன்.

கத்தியது அவனுக்குத் தெரியாது. ஒரு காதில் ஹெட்ஃபோனும் மறு காதில் போனும் வைத்தவனுக்குத் தன் குரலின் அளவு தெரிவதில்லை. மெதுவாகப் பேசுவதாகவே நினைத்துக்கொண்டு, அவன் அந்த ஐந்து நிமிடமும் சந்தைக்கடையில் நிற்பவன்போலக் கத்திக்கொண்டிருந்தான்.

இடது காதில் விசில் நின்றது.

கட்டில் கிறீச்சிட்டது. அவளுடைய மூச்சு ஒரு தடவை உள்ளே போய், வெளியே வரவில்லை. அந்த இன்னொரு மூச்சு அவசரமானது. முடி. ஒரு கொத்து முடியைக் கையில் சுற்றுகிற சத்தம், கயிறு திரிப்பதுபோல, ஒரு சுற்று, இரண்டு சுற்று.

போன் விழுந்தது. எழுந்து ஓடினால் கதவு ஏழு அடி. ஏழு அடிக்குள் கழுத்து ஒடியும். ஆனால் கை இரண்டும் தலையில்தான் இருந்தன, குவளை நொறுங்கியது வலது பக்கம்தான், ஹெட்ஃபோன் திரும்பினால் அதுவும் திரும்புகிறது. ஒரு நொடி வேலை.

திருப்பி மாட்டினான்.

இடது காது காலியானது. சுத்தமான, கறுப்பான அமைதி. எந்த ஆம்பிலும் அவன் கேட்டிராதது. வலது காதில் சொட்டுக் குழாய். தடித்த மூச்சு. அது ஏமாந்துபோய் நிற்பதுபோல இருந்தது. செவிடன் காதுறைகளை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். அவள் தூங்கட்டும். நாலு மணி வரை இப்படியே உட்கார்ந்திருக்கலாம். நாலு நாளும் உட்கார்ந்திருக்கலாம்.

'டிக்' என்று ஒரு சுவிட்ச் சத்தம். லைட் போட்டுக்கொள்கிற பேய் என்று நினைத்தான்.

பிறகு அடி.

முதல் அடி டைல்ஸில் விழுந்தது. கனமாக, கெட்டியாக, நடுவில் பிளந்து. உடைத்துக்கொள், என்றான் மனதுக்குள். வாளி இருக்கிறது. கண்ணாடி இருக்கிறது. நாளைக்கே புதுசு வாங்கிக்கொள்ளலாம். இரண்டாவது அடி. மூன்றாவது. ஏதோ ஈரமானது வாளிக்குள் தெறித்தது. நாலாவது அடியில் சின்னச் சின்னதாகச் சில துண்டுகள் தரையில் சிதறி உருண்டன, சோழிபோல. வாளிக்குள் அப்படி எதுவும் கிடையாது. கண்ணாடி அப்படி உருளாது.

பற்கள்.

"டேய்," என்றது வலது காது. குழறிய குரல். "டேய்... செவிடா..."

கண்ணைத் திறந்தான்.

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. போர்வை தரையில். கட்டில் காலி. அவன் கத்தலில் விழித்தவள், நாலு வார்த்தை திட்டக்கூடத் தெம்பில்லாமல், அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே நடந்து, முகம் கழுவப் போயிருக்கிறாள். காதுறைக்குள் அந்தக் காலடி வரவில்லை.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தான்.

அமைதி. மதியம். ஃபேன். எங்கோ தெருவில் ஒரு சைக்கிள் மணி.

குளியலறையின் பாதி திறந்த கதவுக்குள் அவள் முழங்காலில் இருந்தாள். அவள் கூந்தல் மேலே, யார் கையிலும் இல்லாமல், முறுக்கின கயிறுபோல விறைத்து நின்றது. அது பின்னால் போனது. அவள் தலை கூடவே போனது. சுவரில் மோதியது. சத்தமில்லை. மறுபடி போனது. மறுபடி மோதியது. டைல்ஸ் சிவந்து வழிந்தது. சத்தமில்லை. ஒரு கை அவன் பக்கம் நீண்டு விரல்களை விரித்தது; விரல்கள் ஒவ்வொன்றாக, சுண்டுவிரலில் தொடங்கி, பின்பக்கம் மடிந்தன. சத்தமில்லை. மூக்கு இருந்த இடத்தில் குமிழ் விட்டது. வாய் திறந்து மூடியது. அவன் பெயர்.

ஓடினான். கதவுக்கு ஓரடி இருக்கும்போது மார்பில் ஏதோ தடுத்தது. ஒரு உள்ளங்கை. வெதுவெதுப்பாக, பொறுமையாக, ஆறு விரல்களோடு. அவன் அடித்தான், கடித்தான், கூவினான்; அவனுடைய கூச்சல் மட்டும் வீடு முழுக்கக் கேட்டது.

பின்னால், தரையில் கிடந்த ஹெட்ஃபோனிலிருந்து, கொசு அளவுக்கு, எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. டப். டப். டேய். டப்.

திரும்பி விழுந்து, ஹெட்ஃபோனை மறுபடி திருப்பி மாட்டிவிட, கேபிளைப் பிடித்து இழுத்தான். ஆம்பில் செருகியிருந்த ஜாக் பிடுங்கிக்கொண்டு வந்தது.

கொசுச் சத்தம் நின்றது.

கதவுக்குள், அவள் தலை பின்னால் போனது.