சாயாத மரத்துக்கு முட்டு

“கையெழுத்துப் போட்டா மரம் போகும். போடலேன்னா நான் போவேன். நீங்களே சொல்லுங்க பெரியம்மா, நான் என்ன பண்ணட்டும்?”

ஒரு செருப்பை மட்டும் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள் மாலிவான். நகராட்சியின் மரப் பிரிவில் எழுத்தர். அவள் தேடி வந்த கேவ்தா, நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருடம் அளவுச் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவர். வட தாய்லாந்தின் அந்தச் சின்ன நகரத்தில் வேலி நகர்ந்தாலும் வாய்க்கால் திசை மாறினாலும் ஜனங்கள் அவரிடம்தான் வருவார்கள்.

“இன்னொரு செருப்பையும் கழட்டிட்டு உள்ள வா. அதுவரைக்கும் மரம் நிக்கும்” என்றார் கேவ்தா, வெற்றிலைபோல மெல்லும் புளித்த தேயிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

விஷயம் இதுதான். தெருவோர மரங்கள் முன்னூற்றுப் பன்னிரண்டையும் நேரில் வந்து சோதிக்க ஒரு வெளியூர் நிறுவனத்துக்கு நகராட்சி வேலை கொடுத்திருந்தது. வேலை முடிந்தது, திருப்தி என்று மாலிவான் கையெழுத்திட்டால் பணம் போகும், வெட்டும் தொடங்கும். நாளை, வெள்ளிக்கிழமை, மத்தியானம் வரைதான் கெடு. போடாவிட்டால் ஊருக்கு வெளியே குப்பைக் கிடங்குக்கு மாற்றல் என்று பிரிவுத் தலைவர் பிரசித் சொல்லிவிட்டார்.

நிறுவனத்தின் அறிக்கையை அவளிடம் வாங்கி உரக்கப் படித்தான், உள்ளே உட்கார்ந்திருந்த பூன்மா. சிவப்பு ஷேர் வண்டி ஓட்டுகிறவன். கேவ்தாவின் வழக்கு எதுவானாலும் முதல் ஆளாய்க் குதிப்பவன்.

“‘எண் பதினேழு, அரசமரம். பிப்ரவரி பன்னிரண்டில் நேரில் பார்க்கப்பட்டது. கிழக்கே சாய்ந்துள்ளது. குடியிருப்போர் பயந்து முட்டுக் கொடுத்துள்ளனர். உடனே வெட்டுக.’ முட்டா? அடப்பாவிகளா! ஆயுசு கெட்டியா இருக்கணும்னு புத்தாண்டுக்கு நாம சாத்துற கவைக்கம்பு இல்ல அது? வேண்டுதலைப் போய் முட்டுங்கறான்!”

“தெரியாம எழுதியிருப்பாங்களோ?” என்றாள் மாலிவான்.

“தெரியாததை மன்னிச்சிடலாம்” என்ற கேவ்தா, கூடவிருந்த படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். மரத்தைச் சுற்றி நாலு பக்கமும் கம்புகள். நடுவில் ஒன்று மட்டும் சிவப்பு. பின்னால் கோயில் மதில். மதிலுக்கு அந்தப்புறம் கொடியில் துறவிகளின் காவித்துணி காய்ந்துகொண்டிருந்தது. “ஒரு நூலும் சாவியும் எடு பூன்மா. மரத்தைப் பாத்துட்டு வரலாம்.”

மறுநாள் காலை மூவரும் நகராட்சி ஆபீசுக்குப் போனபோது, பிரசித்தின் மாடியறையில் நிறுவனத்தின் ஆளும் உட்கார்ந்திருந்தான்.

“பெரியம்மா, இது ஆபீஸ் விஷயம்” என்றார் பிரசித்.

“மரம் தெருவுல இருக்கே தம்பி. கிழக்க சாயற மரத்துக்குக் கிழக்கதான் முட்டு வைப்பாங்க. இதுல நாலு பக்கமும் இருக்கு. நேத்து நூல்ல சாவியைத் தொங்கவிட்டுப் பாத்தேன். உங்க முதுகைவிட நேரா நிக்குது.”

நிறுவனத்து ஆள் சிரித்தான். “எங்க பசங்களுக்கு உங்க ஊர் வழக்கம் தெரியாதும்மா. அந்த ஒரு மரத்தை விட்டுடறோம்.”

“பெரிய மனசு. பூன்மா, அந்தச் சிவப்புக் கம்பு யாரோடது?”

பூன்மா படத்தின்மேல் கவிழ்ந்தான். “அட, என்னோடது! வண்டிக்கு அடிச்ச பெயிண்ட்டு மிச்சமிருந்துது.”

“எப்போ சாத்தினே?”

“இந்தப் புத்தாண்டுக்கு. ஏப்ரல்ல.”

“ஏப்ரல்ல சாத்தின கம்பு, பிப்ரவரியில எப்படித் தம்பி நின்னுது?”

“தேதி… தட்டச்சுப் பிழையா இருக்கும். அப்புறம்தான் வந்தாங்க.”

“வந்தவங்க எங்க நின்னு படம் எடுத்தாங்க? மதில் ஆளுயரத்துக்கு மேல. தெருவுல நின்னா உள்ள காயற துணி தெரியாது.”

கேவ்தா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். கீழே மரம், மதில், மதிலுக்கு அப்பால் காற்றில் ஆடும் காவித்துணி. படத்தில் இருந்தது அப்படியே இருந்தது.

“இந்தத் தெருவுல மாடின்னா இது ஒண்ணுதான். யாரும் இங்க வரவேயில்ல. படம் இந்த ஜன்னல்லேர்ந்து போச்சு. அறிக்கை அங்கேர்ந்து வந்துது. வராத காலுக்கு ஊர்ப்பணம் கூலி.”

பிரசித் கேவ்தாவைப் பார்க்கவில்லை. மாலிவானைத்தான் பார்த்தார். “பென்ஷன்காரங்க ஆயிரம் பேசுவாங்க. கையெழுத்து உன்னோடது. மணி பதினொன்னரை. கிடங்கு ஞாபகம் இருக்குல்ல?”

மாலிவான் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தாள். கேவ்தாவின் பக்கம் திரும்பினாள். அவர் தேயிலையை மென்றுகொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இது அளந்து சொல்லும் விஷயமல்ல என்பதுபோல.

அவள் தாளை இழுத்தாள். ‘திருப்தி’ என்ற சொல்லை அடித்தாள். ‘இந்த ஆய்வு நடக்கவே இல்லை’ என்று எழுதினாள். கீழே முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு, வரவு முத்திரையைக் குத்திப் பதிவேட்டில் எண் போட்டாள். நகலைப் பூன்மாவிடம் நீட்டினாள்.

“அண்ணே, தணிக்கை ஆபீஸ் வழியா வண்டி போகுமா?”

“இன்னிக்கு அது ஒண்ணுதான் ஸ்டாப்பு!” பூன்மா அதற்குள் படியிறங்கிவிட்டான்.

பிரசித் மேசையைத் தட்டினார். “திங்கக்கிழமை நீ கிடங்குல இருக்கே!”

“இருக்கேன் சார்” என்றாள் மாலிவான், பேனாவை மூடியபடி. “அங்க தினம் அறுபது லாரி குப்பை வருதுன்னு பில் வருதே. வாசல்ல உக்காந்து எண்ணிப் பாக்கறேன்.”