ரெட்டை வாத்துக் கழிவு

1961, ஆடி மாதம். சனிக்கிழமை சாயங்காலம் வியாகுலம்மாளின் ஒரு வாரக் கூலி சாம்பலாகிவிட்டது. கம்பெனி சொன்ன விவரம் அதுதான். அவள் உருட்டிய சுருட்டு அத்தனையும் தரமில்லாத கழிவு. கழிவுக்குக் கூலி கிடையாது. கழிவைக் கொல்லைக் குழியில் போட்டு எரித்தாயிற்று.

திங்கட்கிழமை காலை பத்து மணி. தொழிலாளர் இன்ஸ்பெக்டர் ராயப்பராஜ் திண்டுக்கல் ரெட்டை வாத்து மார்க் சுருட்டுக் கம்பெனிக்குள் நுழைந்தார், நுழைந்ததும் தும்மினார். புகையிலை என்றால் அவருக்கு ஆகாது. அதனால்தானோ என்னவோ சர்க்கார் அவரையே அனுப்பியிருந்தது.

வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் வலக்கையால் உருட்ட, வியாகுலம்மாள் மட்டும் இடக்கையால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எம்புட்டும்மா கழிச்சாங்க?"

"அம்புட்டையுந்தான், அய்யா. சட்டப்படி கூலி குடுங்கன்னு கேட்டேன். மாதா சத்தியமா, அந்த வாரமே என் கை கெட்டுப்போச்சாம்."

"மத்தவுகளுக்கு?"

"பாதிக் கழிவு. அவுக பாதிதானே வாயத் தொறந்தாக!"

காண்ட்ராக்டர் மொக்கைச்சாமி குறுக்கே வந்தார். "கழிச்சது நான்தான் சார். எரிச்சதும் நான்தான்."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே. உங்களுக்குச் சொத்து என்ன இருக்கு?"

"ஒரு சைக்கிள். அதுவும் தவணையில."

இவர்மேல் மட்டும் கேஸ் எழுதினால், இத்தனை பெண்களின் கூலியையும் அந்தச் சைக்கிளிடம்தான் வசூலிக்க வேண்டும். ராயப்பராஜ் கொல்லைக்குப் போனார். குழியில் குனிந்து சாம்பலைக் குச்சியால் கிளறினார். கிட்டே மூக்கை நீட்டிப் பார்த்தார். பிறகு, தும்மாமல் மாடியேறினார்.

டைரக்டர் பொன்னுத்துரை நாற்காலி போடச் சொன்னார்.

"நான் பேருக்குத்தான் டைரக்டர் சார். வாரேன், காப்பி குடிக்கிறேன், போறேன். கழிவு, கூலியெல்லாம் மொக்கைச்சாமி காண்ட்ராக்ட். எனக்கு ஒண்ணும் தெரியாது." வெள்ளிப் பெட்டியைத் திறந்து நீட்டினார். "எடுத்துக்கங்க. போன வாரச் சரக்கு, நானே பொறுக்கினது. முதல் தரம்!"

வீட்டுக்கு வந்தவருக்குக் காப்பி மாதிரி, ஆபீசுக்கு வந்தவருக்குச் சுருட்டு. அது ஊர் வழக்கம். ராயப்பராஜுக்குப் புகைக்கத் தெரியாது. ஆகவே உருட்டி உருட்டிப் பார்த்தார், தும்மினார், இன்னொன்றை எடுத்துப் பார்த்தார்.

"காண்ட்ராக்டரைக் கூப்பிடுங்க. கீழே மத்தவுக உருட்டினதுல ஒண்ணு எடுத்துட்டு வரட்டும்."

மொக்கைச்சாமி கொண்டுவந்ததை மேசைமேல் பெட்டிச் சுருட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பாருங்க. இதுல மேலே சுத்தின இலை இடமிருந்து வலமா ஏறுது. உங்க பெட்டியில இருக்கிறதெல்லாம் வலமிருந்து இடமா ஏறுது. இடக்கையால உருட்டுறது உங்க கம்பெனியில வியாகுலம்மாள் ஒருத்திதான்."

பொன்னுத்துரை பெட்டியை மூடினார். கொஞ்சம் தாமதமாகத்தான்.

"அவ போன வாரம் உருட்டினது அத்தனையும் எரிஞ்சதாச் சொல்றாங்க," என்றார் ராயப்பராஜ். " குழியில மூக்கை விட்டுப் பாத்தேன், ஒரு தும்மல்கூட வரல. அதுல புகையிலையே இல்ல, எரிஞ்சது தென்னை மட்டை. நல்ல சரக்குன்னு பொறுக்கினது நீங்க. அதையே கழிவுன்னு கூலிய வெட்டினது கம்பெனி. டைரக்டருக்குத் தெரிஞ்சு நடந்தா டைரக்டரும் குற்றவாளி. சட்டத்துல இருக்கு."

"ஏலே மொக்கை, சொல்லுலே!"

"எசமான் கழிக்கச் சொன்னாரு, கழிச்சேன்," என்றார் மொக்கைச்சாமி. "சார், அப்ப என் சைக்கிள்?"

"உம்ம பேரும் கேஸ்ல இருக்கு. ஆனா ரெண்டாவதா."

இறங்கி வந்தபோது வியாகுலம்மாள் நிமிர்ந்தாள்.

"கூலி வருமா அய்யா?"

"அம்புட்டும் வரும். உன் சுருட்டு முதல் தரம்னு டைரக்டரே ஒத்துக்கிட்டாரு."

"அதச் சொல்றதுக்கு அவருக்கு ஒரு கேஸ் வேண்டியிருக்கு," என்றபடி, அவள் இடக்கையால் அடுத்த இலையை எடுத்தாள்.

ராயப்பராஜ் தும்மினார்.