பெட்டியில வச்சிருங்க

லுணுகலை பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சஜீவனிக்கு, அக்கா வீட்டு வாசலிலேயே அந்த வாடை அடித்தது. நாள்கணக்கில் துலக்காத வாயின் வாடை. விடாத மழையில் கழிவுநீர்க் கான் அடைத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள்.

உள்ளே, அக்கா கணவர் யேசுரத்தினம் கண்ணாடி முன் நின்று தன் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எந்தச் சங்கம் தொடங்கினாலும் தலைவர் அவர்தான். மனைவி றோசாலி இறந்து ஒரு வருடம். ஞாயிற்றுக்கிழமை நினைவுப் பூசை முடிந்ததும் நூல் வெளியீடு. அவர் சவூதியில் வேலை பார்த்தபோது, கல்யாணத்துக்கு முன் றோசாலி எழுதிய காதல் கடிதங்கள்தான் நூல். கடிதங்களைவிட அவருடைய முன்னுரை நீளம். அட்டையில் அவர் படம்.

மேசையில் அந்தக் கடிதங்கள் இருந்த பிஸ்கட் டின் திறந்திருந்தது; பக்கத்தில் தேநீர்க் கோப்பையும் சாஸரும்.

"பாரு சஜீ, ஒவ்வொரு கவரையும் நாக்கால தடவியே ஒட்டியிருக்கா. இது எச்சில் இல்ல, அமுதம்! முன்னுரையில எழுதியிருக்கேன்."

"தேத்தண்ணி குடிக்கிற நேரத்துல ஏன் அத்தான்?"

அவர் விரலை நாக்கில் தொட்டு ஓர் உறையைப் பிரிக்கப் போனார். அது ஒட்டியிருந்தது.

"காலையிலதானே தொறந்தேன்?"

அடுத்ததும் ஒட்டியிருந்தது. எல்லாமே. விளிம்புகளில் வெண்ணுரை. ஒன்றை இழுத்துப் பிரித்தார்; கொழகொழவென்று எச்சில் நூல் நீண்டு அவர் மணிக்கட்டில் படிந்தது. துடைத்துவிட்டு, மறுபடி விரலை நாக்கில் வைத்தார்.

முகம் கோணியது. சாஸரில் துப்பினார்.

கறுப்பு மண். அதில் ஒரு வெள்ளைப் புழு நெளிந்தது.

சஜீவனி சாஸரைத் தள்ளி வைத்தாள். "அக்கா கடைசியா உங்ககிட்ட என்ன சொன்னா?"

"'கடுதாசியெல்லாம் பெட்டியில வச்சிருங்க'ன்னா. வச்சிருக்கேனே!" டின்னைத் தட்டினார்.

"சாகப் போறவ பிஸ்கட் டின்னயா சொல்லுவா? அவள வச்சு அடக்கம் பண்ணுன பெட்டியச் சொல்லியிருக்கா, அத்தான். வேற யாரும் படிச்சிரக் கூடாதுன்னு."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நாக்கு காகிதத்தில் நிதானமாக ஊர்வதுபோல.

சளப்.

இருவரும் குனியவில்லை.

"அழைப்பிதழ் குடுத்தாச்சு," என்று கிசுகிசுத்தார் அவர். "பெரிய பெரிய ஆளெல்லாம் வர்றாங்க. ஞாயித்துக்கிழம முடியட்டும். பொறகு பொதைப்போம்."

"அக்காகிட்டயே தவண கேக்குறீங்களா?"

அவர் பதில் சொல்லப் போனார்.

வாய் திறக்கவில்லை.

உதடுகள் உறையின் மடிப்பைப்போல ஓரம் முதல் ஓரம் வரை ஒட்டியிருந்தன. விளிம்பில் வெண்ணுரை. நகத்தால் நெம்பினார், தோல்தான் இழுபட்டது. அந்த வீட்டில் அவர் விழித்திருக்கும்போதே அமைதி நிலவியது அன்றுதான்.

சஜீவனி ஒரு கையில் டின்னும் மறு கையில் அவருமாகச் சேமக்காலைக்கு நடந்தாள். மழையிலேயே றோசாலியின் கல்லறையின் தலைமாட்டைத் தோண்டி டின்னை இறக்கினாள். மண் அதை அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டதுபோல இருந்தது.

மூடி முடித்ததும் அவருடைய உதடுகள் பிரிந்தன.

சளப்.

மன்னிப்புக் கேட்பார் என்று அவள் காத்திருந்தாள்.

"நல்லவேள," என்றார் யேசுரத்தினம். "புத்தகம் அச்சாகி வந்துருச்சு."

அவள் வீட்டுக்கு நடந்தாள்; அவரும் பின்னாலேயே வந்தார். கூடத்து மூலையில் புத்தகக் கட்டுகள், அச்சகத்தில் சுற்றிய பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருந்தன. ஒன்றைக் கிழித்து மேலே இருந்த பிரதியை எடுத்தாள். விரிக்கப் பார்த்தாள்.

பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"மழ ஈரமாயிருக்கும். குடு," என்றார்.

ஈரம் வெதுவெதுப்பாக இருந்தது.

யேசுரத்தினம் புத்தகத்தை வாங்கி, பக்கம் புரட்ட, வழக்கம்போல விரலை நாக்கில் வைத்தார்.