கறுப்பு என்று சொல்லாத பக்கங்கள்

அவன் குடையை மடக்கிய வேகத்தில், அதில் இருந்த மழை முழுவதும் ஜெயப்ரியாவின் மேசைமேல் கொட்டியது.

"ஐயையோ... பேப்பர்!"

இரண்டு கைகளையும் விரித்துக் காகிதங்களின் மேல் கவிழ்ந்தாள். ஆனால் மழை முந்திவிட்டது. மஞ்சள், பச்சை, ரோஸ் என்று பேனாவால் அவள் தீட்டி வைத்திருந்த கோடுகள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஓடின. அடியில் இருந்த அச்செழுத்தும் கூடவே கிளம்பிவிட்டது.

"சாரிங்க... சத்தியமா பார்க்கல..."

"பார்க்கலியா? இவ்ளோ பெரிய மேசை, இவ்ளோ பெரிய ஆளு நான்... பார்க்கலியா?"

நிமிர்ந்தாள். அப்போதுதான் அவன் அந்தக் கண்களைப் பார்த்தான். கோபமும் கண்ணீரும் யார் முந்துவது என்று போட்டி போட்டுக்கொண்டிருந்த கண்கள். 

பிள்ளையார்பாளையத்தில் காந்தா அக்காவின் ஜெராக்ஸ் கடை அது. பிரிண்ட், ஸ்கேன், தட்டச்சு எல்லாம் உண்டு. எதிர்வீட்டுத் தறிச் சத்தம் மழையையும் மீறிக் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தில் இருக்கும் ஓரிக்கை ஊர்க்காரன். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறவன். ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்தவன், வந்த வேலையை மறந்து நின்றான்.

"ஒரு மாச வேலைப்பா அது," என்றார் காந்தா அக்கா உள்ளிருந்து. "குடையை வெளிய உதறினா உன் கை தேஞ்சிடுமா?"

"என்ன வேலைக்கா?"

அக்காதான் சொன்னார். பட்டுக்குச் சாயம் போடுகிறவர்கள் பேசிய பேச்சு புத்தகமாக வருகிறது. பேட்டி எடுத்தவர் ஒரு பேராசிரியர். கூடவே போய் ரெக்கார்டரைப் பிடித்து நின்றதும், பிறகு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத் தட்டச்சு செய்ததும் ஜெயப்ரியா. புத்தகத்தின் கடைசியில் எந்த நிறம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு சொல்லடைவு வேண்டும். அதை அவளே தொகுக்கிறாள். இன்று மாலை ஆறு மணிக்குள் பதிப்பாளர் குமாரசாமிக்கு அனுப்பிவிட்டால், 'சொல்லடைவு: ஜெயப்ரியா' என்று முதல் பக்கத்தில் வரும். அனுப்பாவிட்டால் வராது. அவள் பெயர் ஒரு புத்தகத்தில் வரப்போவது இதுதான் முதல் தடவை.

"அந்தப் பேரைத்தான் நீ இப்ப நனைச்சிட்டு நிக்கிற," என்று முடித்தார் அக்கா.

அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி நாலு.

"ஃபைல் கம்ப்யூட்டர்ல இருக்குதா?"

"இருக்குது. அதுல எந்த நிறம் எங்க இருக்குதுன்னு தெரியணுமே. ஒவ்வொரு வரியாப் படிச்சு..."

"தள்ளுங்க. பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷமா?" சிரிப்பே வந்துவிட்டது அவளுக்கு. "நீங்க என்ன, மந்திரவாதியா?"

அவன் ஈரச் சட்டையோடு அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு எடிட்டரில் அவளுடைய கோப்பைத் திறந்தான். வெள்ளைத் திரையில் முடிவில்லாமல் எழுத்துகள்.

"நிறத்தோட பேரெல்லாம் சொல்லுங்க."

"அரக்கு... மயில்கழுத்து... மாம்பழ மஞ்சள்... வாடாமல்லி..."

அவள் சொல்லச் சொல்ல அவன் தேடல் கட்டத்தில் தட்டினான்.

அரக்\S*|மயில்\S*|மாம்பழ\S*|வாடாமல்\S*

"இது என்னங்க, எறும்பு ஊர்ந்த மாதிரி?"

"நடுவுல நிக்குதே கோடு, அதுக்கு 'அல்லது'ன்னு அர்த்தம். இது இல்லாட்டி அது, அது இல்லாட்டி இன்னொண்ணு. கடைசில இருக்கிற நட்சத்திரம், வார்த்தை முடியற வரைக்கும் விடாம புடிச்சுக்கும். அரக்குன்னாலும் சரி, அரக்குலன்னாலும் சரி, அரக்கைன்னாலும் சரி... தப்பிக்க முடியாது. இப்ப ஒவ்வொண்ணுக்கும் அதோட கலரையே குடுத்து, பக்க எண்ணையும் எடுத்துடலாம்."

ஒரு விசையைத் தட்டினான்.

ஜெயப்ரியா திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

கோப்பு முழுவதும் ஒரே நொடியில் நிறங்களாக ஒளிர்ந்தது. அரக்கு என்ற சொல் இருந்த இடமெல்லாம் அரக்கு. மயில்கழுத்து நின்ற இடமெல்லாம் நீலமும் பச்சையும் கலந்த அந்த மினுக்கம். அவன் பக்கங்களை உருட்ட உருட்ட, தறியிலிருந்து சேலை இறங்குவதுபோல் நிறங்கள் இறங்கிக்கொண்டே இருந்தன. இத்தனை நாள் இதே எழுத்துகளோடுதான் இருந்தாள். இதற்குள் இப்படி ஒரு பட்டு மடிந்து கிடந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது...

"அம்மாடி..." என்றார் காந்தா அக்கா. கையிலிருந்த ஜெராக்ஸ் தாள்களைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

ஜெயப்ரியா திரையைப் பார்த்தாள். பிறகு அவன் விரல்களைப் பார்த்தாள். பிறகு, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே, அவன் முகத்தையும் பார்த்தாள். முடியிலிருந்து இன்னும் மழை சொட்டிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. இந்த ஆளையா திட்டினேன்?

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. குமாரசாமி. அவசரமாக எடுத்ததில் ஸ்பீக்கர் தட்டுப்பட்டுவிட்டது.

"என்னம்மா, ஆயிடுச்சா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் குனிந்து உற்சாகமாகச் சொன்னான்:

"முடிஞ்சிடுச்சு சார்! பக்க எண்ணோட வந்துடுச்சு. கம்ப்யூட்டரே மொத்தத்தையும் புடிச்சிடுச்சு, பத்தே நிமிஷம்!"



"அப்படியா? நல்லதாப் போச்சு. ஏம்மா, பத்து நிமிஷத்துல மெஷினே எடுத்ததுக்குத் தொகுப்பாளர்னு தனியாப் பேர் போட்டா நல்லாவா இருக்கும்? நன்றியில ஒரு வரி போட்டுடலாம். ஃபைலை அனுப்பிடு."

போன் அணைந்தது. எதிர்வீட்டில் தறி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"நான்... ஹெல்ப் பண்ணலாம்னுதான்..."

"பண்ணிட்டீங்க." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "காகிதத்தை நனைச்சீங்க, திரும்ப எழுதியிருப்பேன். இதை என்னங்க பண்றது? போங்க."

போனான்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அனுப்பிவிட வேண்டியதுதான். அவனைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஒரு மாதம் கண் எரியப் படித்ததை இந்தக் கோடும் நட்சத்திரமும் ஒரு நொடியில் செய்துவிட்டன. பேர் கேட்க எனக்கு என்ன உரிமை? கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போதும் அந்தத் திரை அழகாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் வலித்தது...

உருட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

சாயப் பட்டறை முனுசாமியின் பேட்டி. பக்கம் பக்கமாக வெள்ளை. ஒரு சொல்கூட ஒளிரவில்லை. அவளுக்கு நினைவிருந்த வரையில், புத்தகத்திலேயே நிறம் அடர்ந்த பகுதி அதுதான்.

தேடல் கட்டத்தில் 'கறுப்பு' என்று அடித்தாள். ஒன்றும் இல்லை. 'கருப்பு'. அதுவும் இல்லை.

வாசலைப் பார்த்தாள். அவன் போயிருக்கவில்லை. குடை கடைக்குள் கிடந்தது. அதைக் கேட்டு வாங்க வெட்கப்பட்டு, கூரை விளிம்பில் பாதி நனைந்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"இங்க வாங்க."

வந்தான். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"இந்தப் புஸ்தகத்துல கறுப்பு எங்க இருக்குதுன்னு சொல்லுங்க."

அவன் தேடினான். எழுத்தை மாற்றித் தேடினான். புள்ளி போட்டு, அடைப்புக்குறி போட்டுத் தேடினான். "இல்லீங்க. கறுப்பைப் பத்தி யாருமே பேசல."

"முனுசாமி முழுக்கப் பேசினது அதைப் பத்தி மட்டும்தான்."

"ஆனா அந்த வார்த்தையே..."

"சொல்ல மாட்டாரு. அவர் பட்டறையில கல்யாணப் பட்டு தொட்டியில வெந்துக்கினு இருக்கும்போது அந்தப் பேரை யாரும் வாயால சொல்லக் கூடாது. கையைத்தான் காட்டுவாங்க. நான் அங்கயே நின்னு பார்த்தேன்." அவள் திரையில் விரலை வைத்தாள். "இங்க பாருங்க... 'இதுக்குக் கொதி பத்தாது.' அப்போ கறுப்பு இருந்த கடைசித் தொட்டியைக் காட்டினாரு. இங்க, 'அண்ணன் தம்பியே சண்டை போட்டுக்கினாங்க இதுக்காக...' அதையே கண்ணால காட்டினாரு. இங்க ஒண்ணுமே சொல்லல. ஆவி முகத்துல அடிக்க, அப்படியே பார்த்துக்கினு இருந்தாரு. இந்த இடமும் கறுப்புதான்."

அவள் ஒவ்வொரு வரியாகக் காட்டிக்கொண்டே போனாள். ஈரத்தில் அழிந்துபோன அந்தக் காகிதங்களில் இந்த வரிகளை எல்லாம் அவள் பேனாவால் வளைத்திருந்தாள். காகிதம் போனாலும் அவளிடம் அது அப்படியே இருந்தது. எந்தப் பக்கம், எந்த மூச்சு, எந்தக் கை... எல்லாம்.

அவன் பார்த்துக்கொண்டே நின்றான். சற்றுமுன் கோப்பு முழுவதும் நிறங்களாக ஒளிர்ந்தபோது அவளுக்கு என்ன ஆயிற்றோ, அது இப்போது அவனுக்கு ஆகிக்கொண்டிருந்தது. சொல்லாத ஒன்றை ஒரு பெண் இத்தனை நாள் காதில் வைத்திருக்கிறாள்...

"போனைக் குடுங்க," என்றான்.

"எதுக்கு? இன்னும் என்ன மிச்சம் இருக்குது கெடுக்க?"

"குடுங்க, ப்ளீஸ்."

குமாரசாமிக்கு அடித்து, அவனே ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், நான்தான், கொஞ்சம் முன்னாடி பேசினவன். நான் சொன்னது தப்பு. மெஷின் மொத்தத்தையும் புடிக்கல. கறுப்பைப் பத்தி ஒரு பேட்டியே இருக்குது, அதுல ஒரு வரிகூட சிக்கல. அதை அப்படியே அனுப்பியிருந்தா, பட்டுச் சாயம் பத்தின புஸ்தகத்துல கறுப்பே கிடையாதுன்னு ஊரே சிரிச்சிருக்கும். இவங்க கண்டுபுடிச்சாங்க. இவங்களால மட்டும்தான் முடியும் சார். நான் வார்த்தையைத் தேடினேன். இவங்க ஆளுங்களைக் காது குடுத்துக் கேட்டிருக்காங்க. அந்தப் பேர் முதல் பக்கத்துல வரணும்."

குமாரசாமி தொண்டையைச் செருமினார்.

"கறுப்பு விட்டுப்போச்சா? நல்லவேளைப்பா... ஏம்மா ஜெயப்ரியா, அதையும் சேர்த்து ஆறுக்குள்ள அனுப்பு. பேரு போட்டுடலாம், சொன்ன இடத்துலயே." பிறகு, "அது சரி, நீ யாருப்பா?"

"நானா... மழைக்கு ஒதுங்கினவன் சார்."

"மழைக்கு ஒதுங்கினவனுக்கு இவ்ளோ அக்கறையா?"

அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். காந்தா அக்கா சிரிப்பை மறைக்க, ஓடாத ஜெராக்ஸ் மெஷினைத் திறந்து எதையோ தேடினார்.

ஜெயப்ரியா தட்டச்சு செய்தாள். அவன் பக்க எண்களைப் படித்தான்.  'கறுப்பு' என்ற சொல்லுக்கு எதிரே எண்கள் நீண்டுகொண்டே போயின. மற்ற எல்லா நிறங்களையும்விட நீளமாக. ஆறு அடிக்கச் சற்று முன்னால் கோப்பு போய்ச் சேர்ந்தது.

"வரேங்க," என்றான். ஆனால் நகரவில்லை.

"என்ன?"

"ஒண்ணு சொல்லணும். சொன்னா மறுபடியும் போங்கன்னு சொல்லுவீங்க."

"சொல்லிப் பாருங்க."

"பயந்து போயிட்டேங்க... உங்களைப் பார்த்து." அவன் குரல் இறங்கியது. "ஒருத்தரை இவ்ளோ கவனமா இன்னொருத்தர் கேட்டு நான் பார்த்ததே இல்ல. நான் வாய் ஓயாம பேசறவன். யாரும் கேட்டதில்ல. நானும் யாரையும் கேட்டதில்ல போல, இன்னிக்குத்தான் தெரியுது. நீங்க அந்த வரியெல்லாம் காட்டும்போது... என்னையும் இவங்க ஒருநாள் இப்படிக் கேட்டா எப்படி இருக்கும்னு தோணிச்சு. ஒருநாள் இல்ல... எல்லா நாளும். உங்களைப் புடிச்சிருக்குதுங்க. ரொம்ப. ஒரே சாயங்காலத்துல எப்படின்னு கேட்டா எனக்கும் தெரியல."

அவள் கன்னத்தில் வாடாமல்லி ஏறியது. குனிந்தாள். விரல்கள் விசைப்பலகையின்மேல் எதையும் தட்டாமல் சும்மா கிடந்தன. ஒரு மாதமாக மற்றவர்கள் பேச்சையே கேட்டுக்கொண்டிருந்த அவள் காதுக்குள், இப்போது அவளுடைய நெஞ்சே சத்தம் போட்டது.

காந்தா அக்கா மெஷினை மூடிவிட்டு, கடையில் இருந்த இன்னொரு நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"உக்காருங்க," என்றாள் ஜெயப்ரியா. "கேக்கறேன்."

உட்கார்ந்தான். வாய் ஓயாமல் பேசுகிறவனுக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

"எங்கருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியலீங்க..."

அவள் நிமிர்ந்து, முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்க பேர்லருந்து."