தூணா, நடைபாதையா

சகாயராஜ் இறந்த பதினாறாம் நாள், அவர் மனைவி ஸ்டெல்லாவிடம் வக்கீல் குத்புதீன் மூன்று வழிகளைச் சொன்னார். அவர் ஏறிப்போன ஆளில்லாப் பகிர்வண்டியின் நிறுவனம் நீட்டுகிற நஷ்டஈட்டை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளலாம். சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு, பேரன் பேத்தி எடுக்கும்வரை படியேறி இறங்கலாம். மூன்றாவது, நொடி மன்றம். பகிர்வண்டியால் ஓர் உயிர் போனால், போனவரின் குடும்பத்துக்குச் சட்டம் தருகிற உரிமை அது.

“அங்க நான் வாதாட முடியாதும்மா. வண்டி இருந்த இடத்துல நீங்க உக்காரணும். அது பாத்ததையெல்லாம் நீங்களும் பாப்பீங்க. நான் வேற மாதிரி செஞ்சிருப்பேன்னு காட்டிட்டா நிறுவனம் தோத்துடும்.”

ஸ்டெல்லா யோசிக்கவே இல்லை. ஓட்டுநர் இருந்த காலத்தில் சட்டையைப் பிடித்து உலுக்க ஒரு மனுஷனாவது இருந்தான். ஆளில்லாமல் ஓடுகிற வண்டியின் எதைப் பிடிப்பது? தன் புருஷனை ஏன் கொன்றது என்று அதன் வாயாலேயே அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

திருச்சி நொடி மன்றம் பார்வைக்குப் பல் டாக்டரின் அறை மாதிரிதான் இருந்தது. சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, தலையில் நினைவுவலையை மாட்டினார்கள். கடைசி ஒரு நொடியை ஒரு மணி நேரமாக விரித்துத் தரும் கருவி அது.

நொடி திறந்தது.

பாலக்கரை மேம்பாலத்தடி, காலை ஒன்பது இருபது. முன்னால் போன லாரியிலிருந்து சரிந்த இரும்புக் கம்பிகள் அந்தரத்தில் நின்றன. ஸ்டெல்லாவுக்கு எட்டுத் திக்கிலும் கண் முளைத்திருந்தது. ஒவ்வொரு கம்பியின் எடையும் தெரிந்தது, டயரின் தேய்மானம் தெரிந்தது, தார்ச்சாலையில் எங்கே ஈரம் என்பதும் தெரிந்தது. வண்டியின் மூக்கிலிருந்து நாற்பத்தோராயிரம் பாதைகள் வெள்ளிக் கோடுகளாக விரிந்தன. எதை நினைத்தாளோ அது தன் முடிவுவரை ஓடிக் காட்டிவிட்டு மடங்கிக்கொண்டது.

அவளுக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை நாளாக உயிரில்லாத சனியன் என்று அவள் திட்டித் தீர்த்த வண்டி, ஒரே நொடிக்குள் நாற்பத்தோராயிரம் தடவை அவரைக் காப்பாற்ற வழி தேடியிருக்கிறது. இருபது வருடம் கூட வாழ்ந்த தானே அவருக்காக இப்படித் தேடி அலைந்ததில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பின்சீட்டில் சகாயராஜ் போனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியிருந்தார். அந்தப் பாதிச் சிரிப்பை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு தேடினாள். முக்கால்வாசிப் பாதைகளில் கம்பி அவரைக் குத்தியது. வலது பக்கம் போனால் மேம்பாலத் தூண்; பிழைக்க வழியே இல்லை. வண்டி போனது அங்கேதான். அவர் பிழைத்த பாதைகள் எல்லாம் இடது நடைபாதை மேல் ஏறின. அங்கே சாப்பாட்டுப் பையோடு டவுன் பஸ்ஸுக்கு ஒருவர் நின்றிருந்தார். பத்துக்கு ஆறு தடவை அந்தப் பைக்காரர் செத்தார்.

ஸ்டெல்லா இடது பக்கம் திருப்பினாள். கதவைத் திறந்துகொண்டு சகாயராஜ் இறங்கினார். போனைக் காதில் வைத்தார். தனக்குத்தான் பேசுகிறார் என்று அவளுக்குத் தெரியும். நடைபாதைப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

“இடது” என்றாள்.

நிறுவனத்தின் மேல்தான் குற்றம் என்று தீர்ப்பானது. தோற்றுப்போன நிறுவனத்தின் அதிகாரி எழுந்து வந்து, “இனி ஜனங்க வண்டியில தைரியமா ஏறுவாங்கம்மா” என்று முகமெல்லாம் மலர்ச்சியாக அவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மன்றத்துப் பெண் அலுவலர் அவளிடம் கையெழுத்துக் கேட்டார். அவள் சொன்னதுதான் இனி விதியாம். பத்து நிமிடத்தில் தமிழ்நாட்டின் எல்லாப் பகிர்வண்டிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடுமாம். போட்டாள். கையெழுத்துக்கு மேலே, கோடு போட்டு அடிக்கப்பட்ட பழைய விதி ஒன்று இருந்தது: ‘வண்டியில் ஏறாதவரைத் தொடாதே.’ அதன் கீழே ஒரு பெயர். பேச்சித்தாய், அம்பாசமுத்திரம்.

இது யார் என்று கேட்டாள்.

“அவங்க வீட்டுக்காரர் பிளாட்பாரத்துல நின்னுட்டிருந்தாரு, வண்டி ஏறிடுச்சு. நாலு வருஷத்துக்கு முன்னாடி இதே நாற்காலியில வந்து உக்காந்தாங்க.”

வண்டி யார் சொல்லைக் கேட்டுத் தூணுக்குத் திரும்பியது என்பது ஸ்டெல்லாவுக்கு இப்போதுதான் விளங்கியது. காகிதத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

“நீங்க எடுக்க முடியாதும்மா. உங்க விதியால யாராச்சும் செத்து, அவங்க வீட்டுலேர்ந்து ஒருத்தர் வந்து உக்காந்தா மாறும்.”

வெளியே வந்தாள். அவர் போனதிலிருந்து பகிர்வண்டியைத் தொடுவதில்லை என்று எங்கும் நடந்தேதான் போய்க்கொண்டிருந்தாள். நடைபாதை நிறைய ஜனம்: கீரைக்காரி, கல்லூரிப் பெண்கள், பஸ்ஸுக்கு நிற்பவர்கள். பக்கத்தில் வண்டிகள் சத்தமில்லாமல் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பத்து நிமிடம் ஆகியிருந்தது. அத்தனை வண்டியும் இப்போது அவள் சொல் கேட்கும்.

நாலடி நடந்தாள். அதற்கு மேல் கால் வரவில்லை. கையைக் காட்டினாள், ஒரு வண்டி ஒதுங்கி நின்று கதவைத் திறந்தது. உள்ளே உட்கார்ந்து கதவு சாத்திக்கொண்டதும் பயம் போய்விட்டது. வெட்கம்தான் வந்தது. நடைபாதையில் நிற்கிற ஒரு முகமும் கண்ணில் படாதபடி, வீடு வரும்வரை தலையைக் குனிந்தே இருந்தாள்.