நாற்பத்து மூன்றாம் சைஸ்

மழை பிடித்த நேரம் பார்த்து அவள் செருப்பு வார் அறுந்தது. நொண்டிக்கொண்டே எதிரிலிருந்த செருப்புக் கடைக்குள் ஏறினாள். நர்ஸ் வேலை, நாள் முழுக்க நின்ற கால்கள் வேறு கடுத்தன.

"நாப்பத்துமூணு சைஸ் இருக்கா?"

கடைக்குச் சரக்கு எடுப்பவன் எழுந்தான். எழுந்தும் அவள் தோளுக்குத்தான் வந்தான். ஆனால் அந்தக் கண்கள்... மழையில் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று.

"லேடீஸ்ல நாப்பத்தொண்ணோட சரிங்க."

"ஏன், எங்களுக்கெல்லாம் காலில்லையா?"

அவன் சிரிக்கவில்லை. ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து, அதன்மேல் மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு கோடு வரைந்தான்.

"இயல்நிலைப் பரவல்னு சொல்வாங்க. நடுவுல சராசரி. மூணுல ரெண்டு பேர் அதை ஒட்டியே இருப்பாங்க, அதான் இந்த மேடு. விலக விலக ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி ஆள் குறைஞ்சுக்கிட்டே போகும். அதைப் பார்த்துத்தான் சரக்கு எடுக்கறேன்."

"அப்ப நான் ஓரத்துல கிடக்கறவ..."

'இவ வளர்த்திக்கு மாப்பிள்ளைக்கு எங்க போறது' என்று அம்மா தினம் புலம்புவது நினைவுக்கு வந்தது.

"சராசரின்னா கூட்டம் அங்க நிக்குதுன்னுதான் அர்த்தங்க. எல்லாரும் அங்கதான் நிக்கணும்னு இல்ல." காலை நீட்டிக் காட்டினான். "ஆம்பளைங்க கோட்டுல நான் இந்தக் கோடி. சின்னப் பசங்க ஷூதான் போடறேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

செருப்பை வரவழைத்துக் கொடுத்தான். அதற்குப் பிறகும் அவள் போனாள்... பாலிஷ் வாங்க, வார் தைக்க, சும்மா. உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசுவான். டீ குடிக்கக் கூப்பிட்டால் மட்டும் ஏதாவது சாக்கு. ஒருநாள் கிளம்பி வந்தவன், கடைக் கண்ணாடியில் இருவரும் சேர்ந்து தெரிந்ததும் பின்தங்கிவிட்டான்.

"என்னாச்சு?"

"நாலு பேர் சிரிப்பாங்க. உங்கம்மா என்ன நினைப்பாங்க?"

"அம்மாகிட்ட சொல்லியாச்சு. உங்க உசரத்தையும் சேர்த்து."

அவன் முகம் வெளிறியது. "என்ன சொன்னாங்க?"

"ரெண்டு நாள் பேசல. அப்புறம், 'அவனுக்கு உன்னைப் பிடிச்சிருக்கா, இல்ல நீயா சொல்றியா'ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல..."

தூறல் விழத் தொடங்கியது. அவன் வேகமாக நடந்து வந்து அவள் பக்கத்தில் நின்றான். அண்ணாந்து பார்த்தான்.

"பிடிச்சிருக்கு. வந்த அன்னிக்கே..."

"கேக்கலையே."

தெருவில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி, இன்னொரு முறை சொன்னான்.